நம்ம வீட்டு ரத்தம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். பார்த்தால் நீ சிரிப்பாய். இது நான்காவது தாள், இதையும் கிழிப்பதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கம்பெனி விலாசத்தை அத்தை கொடுத்தார். வீட்டு விலாசத்தையும் புது நம்பரையும் எனக்குத் தரக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாயாம். சரி, வேண்டாம். உன் கைவிரல்கள் வீங்கிப் போய் மடக்க முடியவில்லை என்றும், டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார் என்றும் அத்தை சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட வாயில் போடுவதற்கு முன் மூன்று நாள் மலப் பரிசோதனை செய்துகொள். ஒரு நாள் பார்த்தால் போதாது, மூன்று நாளும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஈசினோஃபில் எவ்வளவு என்று கேள். சின்ன வயதில் செங்கல் சூளையில் வெறுங்காலோடு களிமண் மிதித்தவன் என்று டாக்டரிடம் சொல். இந்த மூன்று விஷயம்தான். மறந்துவிடாமல் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போ.

ஏன் என்று கேட்காதே. கேட்டால் பெரிய கடிதமாகிவிடும்.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

ரெண்டு வருஷம் கழிச்சு லெட்டர் வருது. பிரிச்சா உள்ள மலப் பரிசோதனை! உன்னைத் தவிர உலகத்துல யாருக்கும் இப்படி எழுத வராது. ஆபீஸ் கிளார்க்கு கவரைக் கையில குடுத்துட்டு, "என்னப்பா, பொண்ணு வீட்டுலேருந்தா?"ன்னு கேட்டாரு. ஆமா சார், நல்ல சம்பந்தம்னேன்.

கை நிஜமாவே மோசம்தான். காலையில எழுந்தா விரல் பத்தும் விறகுக் கட்டை மாதிரி கிடக்கு. சட்டைப் பொத்தானைப் பக்கத்து ரூம்காரன் போட்டு விடுறான். போன மாசம் பதினோராவது மாடியில லிப்ட் கதவோட ரோலரை மாத்திட்டு இருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் கையிலேருந்து நழுவி அப்படியே குழிக்குள்ள போயிடுச்சு. கீழே யாரும் இல்ல, தப்பிச்சோம். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை திட்டல. ஆனா அதுக்கப்புறம் என்னை மேல ஏத்தவும் இல்ல. வேலை போயிடும் அக்கா. இதைத் தவிர எனக்கு வேற எந்தத் தொழிலும் தெரியாது. இந்த மாத்திரையைச் சாப்பிட்டா பத்து நாள்ல கை திறக்கும்னு டாக்டர் சொல்றாரு.

அதுக்கும் நீ குறுக்க வந்து நிக்கிறே.

நீ மறந்திருந்தா ஞாபகப்படுத்துறேன். அப்பாவை எடுத்துட்டுப் போன அன்னிக்கு, வாசல்ல, அத்தை மாமா அக்கம்பக்கம் அத்தனை பேரு முன்னாடி, "நீ வாங்கிக் குடுத்த மாத்திரைதான்டா அவரைக் கொன்னுச்சு"ன்னே. மூச்சிரைப்புக்கு டாக்டர் ஒரு மாசத்துக்குத்தான் எழுதினாரு. அப்பாதான், "நல்லா மூச்சு வருதுடா மொட்டை, இன்னும் ஒரு மாசம் வாங்கிக் குடு"ன்னாரு. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக் குடுத்தேன். அவரு மாடிப்படி ஏறினதைப் பாத்து சந்தோஷமா இருந்துச்சு. அவ்வளவுதான் நான் பண்ணின குத்தம்.

பூச்சி பத்தி நீ கவலைப்படாதே. ஸ்கூல்ல வரிசையா நிக்க வெச்சு எல்லாருக்கும் பூச்சி மாத்திரை குடுத்தாங்களே, அதை முழுங்கியாச்சு.

ஏன்னு கேக்காதேன்னு சொன்னா கேக்கத்தான் செய்வேன். ஏன்?

மொட்டை

பிப்ரவரி 28

மொட்டைக்கு,

பள்ளிக்கூடத்தில் கொடுத்த மாத்திரை இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. அது வேறு பூச்சிகளுக்கு.

சூளைக்குப் பின்னால் இருந்த களிமண் குழி ஞாபகம் இருக்கிறதா? எல்லா வீட்டு ஆட்களும் அதன் ஓரத்திலேயேதான் ஒதுங்குவார்கள். மழை பெய்தால் எல்லாம் குழிக்குள்தான் வரும். அப்பாவும் நீயும் நானும் முழங்கால் வரை அந்த மண்ணில்தான் நின்று மிதித்தோம். நூலைவிட மெல்லிய ஒரு புழு அந்த ஈரத்தில் இருக்கும். அதன் குஞ்சு பாதத் தோலைத் துளைத்து உள்ளே வரும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், சளியோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கும்போது குடலுக்கு இறங்கிக் குடியேறிவிடும். மற்ற புழுக்கள் சில வருஷத்தில் செத்துப் போகும். இது அப்படியில்லை. இதன் குஞ்சுகளில் சில வெளியே போகாமல் குடல் சுவரைத் துளைத்து மறுபடியும் அதே சுற்றைத் தொடங்கும். முப்பது நாற்பது வருஷம்கூட ஒரே ஆளிடம் இருக்கும்.

உடம்பு சும்மா விடுவதில்லை. வெள்ளை அணுக்களில் ஈசினோஃபில் என்ற வகைக்கு இதுதான் வேலை. புழு பெரியது, விழுங்க முடியாது. அதனால் சுற்றி ஒட்டிக்கொண்டு தன்னிடமுள்ள விஷத்தை அதன்மேல் கொட்டும். புழுவின் குஞ்சு என்ன செய்யும் தெரியுமா? மேல்பூச்சைக் கழற்றிப் போட்டுவிட்டு நழுவிவிடும். அணுக்கள் வெறும் தோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சண்டை போடும். அதோடு, 'போதும், கொஞ்சம் அடங்கு' என்று உடம்பையே நம்ப வைக்கும் சரக்கையும் அது சுரக்கும். அளவுக்கு மீறிப் பெருகாது. காய்ச்சல் வராது, வலி வராது. ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். நூறு வெள்ளை அணுவில் ஆறுக்குள் இருக்க வேண்டியது பத்துக்கு மேல் நிற்கும்.

நான் லேப் படிப்பு படித்தபோது எங்கள் விரலையே குத்தித்தான் எண்ணிப் பழகினோம். எனக்குப் பன்னிரண்டு வந்தது. வாத்தியார் தூசி அலர்ஜி என்றார். லீவுக்கு வந்து உங்கள் இருவர் விரலையும் குத்தினேன். அப்பாவுக்குப் பதின்மூன்று, உனக்குப் பதினான்கு. நீ ஊரெல்லாம் ஓடிப்போய் நான்தான் முதல் மார்க் என்றாய். அப்பாவுக்கு ஒரே பெருமை. "நம்ம வீட்டு ரத்தமே தனி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

ஸ்டீராய்டு அந்த வெள்ளை அணுக்களை அடக்கிவிடும். அப்புறம் புழுவைத் தடுக்க ஆள் இருக்காது. அதனால் சொல்கிறேன். பொதுவாகத்தான் சொல்கிறேன். அப்பாவைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

பரிசோதனை செய்துவிட்டு எழுது.

அக்கா

மார்ச் 11

லேப் அம்மாவுக்கு,

பாடம் நல்லா இருந்துச்சு. கிளார்க்குக்கும் படிச்சுக் காட்டினேன். மனுஷன் அன்னிக்கு மதியம் சாப்பிடவே இல்ல.

ஆனா நீ லேட். உன் மொத லெட்டர் வந்த மறுநாளே நான் மாத்திரையை ஆரம்பிச்சுட்டேன். ஆமா, உனக்குப் பதில் போடும்போதே வயித்துக்குள்ள இருந்துச்சு. சொல்லல. நீ வேண்டாம்னதுதான் காரணம்னு வெச்சுக்கோ.

கை திறந்துடுச்சு அக்கா! போன லெட்டரை ரூம்காரன் எழுதினான், இதை நானே எழுதுறேன், எழுத்தைப் பாரு. நேத்து சட்டைப் பொத்தானை நானே போட்டேன். ரூம்காரன் கை தட்டினான். அடுத்த வாரம் மேல ஏறலாம்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு.

இன்னொரு நல்ல சேதி. உனக்காகவே ரத்தம் குடுத்துப் பாத்தேன். ஈசினோஃபில் ஒண்ணு! பதினாலு இருந்த இடத்துல ஒண்ணு. நம்ம வீட்டுப் பீடை ஒழிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. டாக்டரும் ரிப்போர்ட் சுத்தம்னுட்டாரு.

மத்தபடி கொஞ்சம் இருமல். வயிறு உப்புசம், மாத்திரைச் சூடா இருக்கும். இடுப்புல ஒரு சிவப்புக் கோடு, பயங்கர அரிப்பு. காலையில பாத்தா ஒரு இடத்துல இருக்கு, சாயந்தரம் நாலு விரக்கடை தள்ளி இருக்கு. பெல்ட் உரசுதுன்னு நினைக்கிறேன். காய்ச்சல் ரெண்டு நாளா விட்டு விட்டு வருது, அதனால லீவுல இருக்கேன்.

ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லு. "அப்பாவைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம்"னு எதுக்கு எழுதினே? நான் கேக்கவே இல்லையே.

மொட்டை

மார்ச் 14, கூரியரில்

மொட்டை,

உள்ளே ஒட்டிய கவர் ஒன்று இருக்கிறது. டாக்டருக்கு. இதைப் படிப்பதற்கு முன் அதை அவர் கையில் கொடு. இடுப்பில் ஓடுகிற கோடு பெல்ட் இல்லை, தோலுக்கு அடியில் ஓடும் புழு. ஒண்ணு என்பது நல்ல சேதி இல்லை. அது காவல் போய்விட்டது என்பதற்கு அடையாளம். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, அதுவும் ஆபத்து. டாக்டர் பார்த்துக் குறைக்கட்டும். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ.

அத்தை சத்தியத்தை மீறி உன் நம்பரைக் கொடுத்தார். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய், அப்புறம் எடுக்கவே இல்லை. அத்தையிடமும் "அக்கா பேச்சை எடுத்தா வெச்சுடுவேன்" என்றாயாம். கம்பெனியில் கேட்டால் லீவு என்கிறார்கள். இந்தக் காகிதம்தான் எனக்கு மிச்சம். எழுதினால்தான் நீ படிக்கிறாய். அதனால் நீ நம்பும்படி எழுதுகிறேன்.

அப்பா மாத்திரை ஆரம்பிக்கும் முன் அவர் ரத்தம் என் மேஜைக்குத்தான் வந்தது. பத்துக்கு மேல் போனால் சிவப்பு மையில் எழுதி, மூன்று நாள் மலப் பரிசோதனை வேண்டும் என்று குறிக்க வேண்டும். எங்கள் லேபின் சட்டம் அது. வேறு யாருடையதாக இருந்தாலும் எழுதியிருப்பேன். பதின்மூன்று வந்தது. பேரைப் பார்த்தேன். நம்ம வீட்டு ரத்தம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வழக்கம்போல நீல மையில் எழுதினேன். சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருந்தது, கை அதன் பக்கம் போகவே இல்லை.

அப்பா போன மறுநாள் காலையில் அவருடைய தாள்களை வாங்க லேபுக்குப் போனேன். கடைசி நாள் எடுத்த சளி, கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டு ட்ரேயில் காய்ந்துகொண்டிருந்தது. வேறு யாரையும் தொட விடாமல் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஒரே பார்வையில் மூன்று புழுக் குஞ்சுகள், சுருண்டு கிடந்தன. தள்ளிப் பார்த்தால் இன்னும் இரண்டு. அவருக்கு வந்தது நிமோனியா என்றுதானே எல்லாரும் சொன்னார்கள். குடலிலிருந்து கிருமியைச் சுமந்துகொண்டு நுரையீரலெல்லாம் போயிருக்கின்றன. ரிப்போர்ட்டில் 'மாதிரி போதவில்லை' என்று எழுதினேன். கண்ணாடியை மெல்லிய தாளில் சுற்றி என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அன்று மதியம்தான் வாசலில் நின்று உன்னை அப்படிச் சொன்னேன். சொல்லும்போது அந்தப் பெட்டி என் கைப்பையில் இருந்தது. இதை நீ சரியாகப் படித்துக்கொள். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்த பிறகு சொன்னேன். யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்று உன் பக்கம் கையை நீட்டினேன். அதற்கப்புறம் அதை எடுத்துச் சொல்ல ஒவ்வொரு வாரமும் நினைத்தேன், ஒவ்வொரு வாரமும் ஒரு வாரம் தாமதமாகிவிட்டது.

என்னை மன்னிக்க வேண்டாம். கவரை டாக்டரிடம் கொடு.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

உயிரோட இருக்கேன். மொதல்ல அதைச் சொல்லிடுறேன்.

உன் கூரியர் வந்தப்போ நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். மூச்சு வாங்குச்சு, ரூம்காரன்தான் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டு வந்தான். மாத்திரை டோஸைக் கூட்டலாமான்னு ரெண்டு டாக்டருங்க என் கட்டில்கிட்டயே நின்னு பேசிட்டு இருந்தாங்க. அப்போ கிளார்க்கு கவரோட வந்தாரு. "உங்க அக்காகிட்டேருந்துப்பா, அவசரம்னு போட்டிருக்கு"ன்னாரு. வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அவரே பிரிச்சு டாக்டர் கையில குடுத்துட்டாரு. டாக்டர் நின்னபடியே படிச்சாரு. விறுவிறுன்னு வெளியே போனாரு. அரை மணியில லேபுலேருந்து மூணு பேரு என் சளியை எடுக்க வந்தாங்க, நான் ஏதோ சினிமா நடிகன் மாதிரி எட்டி எட்டிப் பாத்தாங்க. நீ சொன்னது அங்கே நெளிஞ்சுட்டு இருந்துச்சாம். அதுக்கப்புறம் ஆறு நாள் எனக்கு ஞாபகம் இல்ல.

புழுவுக்கான மாத்திரையை ரெண்டு வாரம் குடுத்தாங்க. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டாங்க. கை பழையபடி மூடிக்கிச்சு. இதைக் கிளார்க்கு எழுதுறாரு, நான் சொல்லச் சொல்ல. ஒரு எழுத்தையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். பாவம், மூக்கை உறிஞ்சிக்கிட்டே எழுதுறாரு.

உன் லெட்டரை ரெண்டாவது தடவை நேத்துதான் முழுசாப் படிச்சேன். நீல மை, சிவப்பு மை, அதுல எனக்குக் கோபம் இல்ல. அது யாருக்கும் வரும். நானும் நம்ம வீட்டு ரத்தம்னு பீத்திக்கிட்டவன்தான். ஆனா வாசல்ல நின்னியே. மேல்தோலைக் கழட்டிப் போட்டுட்டு நழுவும்னு எழுதினே பாரு, அதைப் புழுவைப் பத்தின்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா நான் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்தது நீ கழட்டிப் போட்ட தோலு.

உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. டாக்டர் மாத்திரைப் பேரைச் சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுது, அப்பாவுக்கு வாங்கிக் குடுத்த அதே பேரு. வேற மருந்து இருக்கான்னு நான் கேக்கவே இல்ல. அவருக்குக் குடுத்ததை நானும் சாப்பிட்டுப் பாப்போம், கொன்னா கொல்லட்டும்னு ஒரு எண்ணம் இருந்துச்சு. கைக்காக மட்டும் இல்ல. இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்போ கிளார்க்குக்கும் தெரிஞ்சு போச்சு.

அந்தக் கண்ணாடி இன்னும் உன்கிட்ட இருக்கா? இருந்தா அனுப்பு. அப்பாவைக் கொன்னது எதுன்னு நான் கண்ணால பாக்கணும். நான் இல்லைன்னு பாக்கணும்.

அப்புறம், நீயும்தானே அந்தக் குழியில நின்னே? உன்னைப் பாத்துக்கிட்டியா?

மொட்டை

ஏப்ரல் 19

மொட்டைக்கு,

கண்ணாடி இத்துடன் வருகிறது. இரண்டு அட்டைக்கு நடுவில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். ஓரத்தில் பென்சிலில் எண் இருக்கும், அப்பாவுடைய எண். அங்கே லேபில் கொடுத்தால் காட்டுவார்கள்.

எங்கள் லேபின் தலைமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னார். அப்பாவின் வரியில் பதின்மூன்றைச் சிவப்பில் திருத்தினேன். சளி ரிப்போர்ட்டில் 'மாதிரி போதவில்லை' என்பதை அடித்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை நடக்கிறது. இப்போது என்னை மைக்ரோஸ்கோப்பில் உட்கார விடுவதில்லை. கண்ணாடி கழுவுகிறேன், சீட்டு ஒட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எல்லாவற்றையும் சிவப்பில் எழுதுகிறாள். நல்லதுதான்.

உன்னைப் பார்த்துக்கொண்டாயா என்று கேட்டாயே, அது வரை நினைக்கவே இல்லை. பயமா, இல்லை எனக்கு இதுவாவது இருக்கட்டும் என்ற எண்ணமா, தெரியவில்லை. நீ கேட்ட பிறகு மலப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மூன்று நாளும் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் வழவழப்பான வளர்ப்புத் தட்டில் வைத்தார்கள். புழு அதில் ஊர்ந்தால் போகிற வழியெல்லாம் கிருமியைச் சிந்திக்கொண்டு போகும், இரண்டு நாளில் அது புள்ளி புள்ளியாக முளைக்கும். மூடியைத் திறந்தால் தட்டு முழுக்க வளைந்து வளைந்து புள்ளிக் கோடுகள். முப்பது வருஷம் எனக்குள் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். மாத்திரை சாப்பிட்டுவிட்டேன்.

உன் கைக்கு வேறு மருந்து இருக்கிறது, இப்போது கேட்டுப் பார். இனிமேல் கேட்கலாம். நான் வந்து பார்க்கட்டுமா? நீ வா என்றால் மட்டும்தான் வருவேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

இதை நானே எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. கைக்கு வேற மருந்து குடுக்குறாங்க, மெதுவாத்தான் கேக்குது. மேல ஏத்த மாட்டாங்க. ஆபீஸ்ல போன் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க. லிப்டுல மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா, பயப்படாதீங்க, ஆள் வந்துட்டு இருக்குன்னு சொல்ற வேலை. ஆள் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும். நல்லாப் பேசுறேன்னு சொல்றாங்க.

கண்ணாடியைக் கொண்டு போனேன். லேபுல ஒரு அம்மா ரொம்பப் பொறுமையாக் காட்டினாங்க. மொதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல, வெறும் நீலமா இருந்துச்சு. அவங்க திருகினதும் தெரிஞ்சுது. சுருண்டு கிடந்துச்சு, நூல் துண்டு மாதிரி. இவ்வளவுதானான்னு கேட்டேன். இவ்வளவுதான்னாங்க. அங்கேயே உக்காந்து அழுதேன். அந்த அம்மா வெளியே போய் நின்னுக்கிட்டாங்க.

போன வாரம் ரத்தம் பாத்தாங்க. எனக்கு ஈசினோஃபில் மூணு. உனக்கும் இறங்கியிருக்கும். நம்ம ரெண்டு பேரு ரத்தத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் ஒரே வீடுன்னு இனிமேல் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வர வேண்டாம். இப்போ வேண்டாம். வந்தா வாசல்ல நீ நிக்கிறதைத்தான் நான் பாப்பேன். லெட்டர் போடு, படிக்கிறேன். பதில் எப்போ போடுவேன்னு தெரியாது.

கண்ணாடியைத் திருப்பி அனுப்பல. உன் பையில ரெண்டு வருஷம் இருந்துச்சு. இனிமேல் அப்பா என்கிட்ட இருக்கட்டும்.

மொட்டை